பிச்சையா, பங்கா?

கழுகுமலைக் குன்றின் மேல் ஏறி நின்றால், வெட்டுவான் கோயில் குடைந்தெடுக்கப்பட்ட பாறைக்கு அப்பால் எத்திசையிலும் கரிசல் விரிந்து கிடப்பதைக் காணலாம். ஆற்றுப் பாசனம் இல்லை, வாய்க்கால் இல்லை. வடகிழக்குப் பருவமழை ஒன்றே இம்மண்ணின் மானாவாரி வேளாண்மைக்கு உயிர். புரட்டாசியில் புழுதியிலேயே விதைத்துவிட்டு ஐப்பசி மழைக்காக வானத்தை அண்ணாந்து பார்த்திருப்பது இங்குள்ள உழவரின் தலைமுறை வழக்கம். விதைப்பதற்கு முன் ஒரு பிடி விதையைத் துணியில் முடிந்து, ஆலயத்துக்குக் கொண்டுவந்து மந்திரித்துப் போவது நம் கத்தோலிக்க உழவர் சிலரிடம் இன்னும் மறையாத வழக்கம்.

2024 அக்டோபர் 6, ஞாயிற்றுக்கிழமை. கழுகுமலை வட்டாரத்தில் நான் பணியாற்றும் பங்கில் காலைத் திருப்பலி முடிந்திருந்தது. பெரியவர் ஒருவர் உளுந்தும் கம்பும் முடிந்த துணியோடு ஆலய முற்றத்தில் எனக்காகக் காத்திருந்தார். அதற்கு முந்தின நாள்தான் பி.எம். கிசான் திட்டத்தின் 18-ஆம் தவணையாக 2,000 ரூபாய் உழவர்களின் வங்கிக் கணக்குகளுக்கு அனுப்பப்பட்டிருந்தது. பங்குப் பேரவை உறுப்பினர் சிலர் தேநீர் அருந்தியவாறே அதைப் பற்றிப் பேசிக்கொண்டிருந்தனர். அவர்களுள் ஒருவர் சொன்னார்: "சும்மா காசு கொடுத்துக் கொடுத்தே சனங்களைச் சோம்பேறி ஆக்கிவிட்டார்கள், சாமி. நேற்று விழுந்த காசு இன்று இராத்திரி டாஸ்மாக் கடையில் இருக்கும். இனி எவன் காட்டு வேலைக்கு வருவான்?"

எல்லாரும் சிரித்தனர். நானும் சிரித்தேனா என்பது நினைவில்லை. மறுத்துப் பேசவில்லை என்பது மட்டும் உறுதி. திரும்பிப் பார்த்தபோது பெரியவரைக் காணவில்லை. விதை முடிப்போடு, அதை மந்திரிக்காமலேயே, அவர் போய்விட்டிருந்தார்.

அன்று நான் வாய்மூடி நின்றது பிழை. அந்தப் பிழைக்குக் கழுவாயாகவே இதை எழுதுகிறேன். அன்று பேசியவர் நல்லவர். ஆலயத் திருப்பணிக்குத் தாராளமாகக் கொடுப்பவர். ஆனால் அவர் வாயிலிருந்து வந்த சொற்கள் அவர் ஒருவருடையவை அல்ல. வயிறு நிறைந்த கிறிஸ்தவர்களாகிய நம்மில் பலர் திருமண வீடுகளிலும் பேருந்துகளிலும் ஆலய முற்றங்களிலும் நாள்தோறும் சொல்லிக்கொண்டிருப்பவை. ஆகவே நம் எல்லாரோடும் வழக்காட விரும்புகிறேன்.

எவ்வளவு பணம்?

முதலில் கணக்கைப் பார்ப்போம். நடுவண் அரசு 2019 பிப்ரவரி 24 அன்று பி.எம். கிசான் திட்டத்தின் முதல் தவணையை வழங்கியது. நிலமுடைய உழவர் குடும்பம் ஒன்றுக்கு ஆண்டுக்கு 6,000 ரூபாய், நான்கு மாதங்களுக்கு ஒருமுறை 2,000 ரூபாய் என்பது ஏற்பாடு. 6,000 ரூபாயை 365 நாள்களால் வகுத்துப் பாருங்கள். நாளொன்றுக்கு 16 ரூபாய் 44 காசு. ஐந்து பேர் உள்ள வீட்டில் ஆளுக்கு மூன்றே கால் ரூபாய். 2022-இல் ஒரு மூட்டை டி.ஏ.பி. உரத்தின் விலை 1,350 ரூபாய் ஆயிற்று. ஒரு தவணைப் பணத்தில் ஒரு மூட்டை உரம் வாங்கினால் கையில் மிஞ்சுவது 650 ரூபாய்.

இத்துடன் தமிழ்நாடு அரசு 2023 செப்டம்பர் 15 அன்று காஞ்சிபுரத்தில் தொடங்கிய கலைஞர் மகளிர் உரிமைத் தொகைத் திட்டத்தையும் சேர்த்துக்கொள்வோம். தொடக்கத்திலேயே ஏறத்தாழ 1 கோடியே 6 இலட்சம் பெண்களுக்கு மாதம் 1,000 ரூபாய் என்று அது வகுக்கப்பட்டது. குடும்ப வருமானம் ஆண்டுக்கு இரண்டரை இலட்சத்துக்கு மேற்படக் கூடாது. நன்செய் 5 ஏக்கருக்கும், புன்செய் 10 ஏக்கருக்கும் மேற்படக் கூடாது என்பன அதன் வரம்புகள். அத்திட்டத்தின் பெயரை ஒரு கணம் எண்ணிப் பாருங்கள். 'உதவித் தொகை' என்று வைக்காமல் 'உரிமைத் தொகை' என்று வைத்திருக்கிறார்கள். அரசியலார் எந்த நோக்கத்தோடு அப்பெயரைச் சூட்டியிருந்தாலும், அது திருச்சபையின் சமூகப் போதனை நெடுங்காலமாகச் சொல்லி வருவதற்கு மிக அருகில் வந்து நிற்கிறது. நாம்தான் இன்னும் 'இலவசம்' என்ற சொல்லை விட்டு எழவில்லை.

சிறிய தொகைதானே, இதனால் என்ன ஆகிவிடும் என்று கேட்கலாம். மாதச் சம்பளக்காரருக்கு ஒன்றும் ஆகாது. மானாவாரி உழவன் வீட்டில் ஆகிறது. ஏனெனில் அவனுக்கு வருமானம் ஆண்டில் ஒருமுறை. செலவோ விதைப்புக் காலத்தில் ஒரே நேரத்தில் வந்து வாசலில் நிற்கிறது. உழவுக் கூலி, விதை, அடியுரம் ஆகியவற்றை அந்தப் பதினைந்து நாள்களுக்குள் புரட்டியாக வேண்டும். கையில் காசில்லாதவன் கடைக்காரரிடம் விதையும் உரமும் கடனாக வாங்குகிறான். கடன் கொடுத்தவரிடமே விளைச்சலையும் போட வேண்டும் என்பது எழுதாத சட்டம். அவர் சொன்னதே விலை. அவர் வைத்ததே எடை. விதைக்கும் அன்றே அறுவடை கைமாறிவிடுகிறது. அந்த நேரத்தில் வரும் 2,000 ரூபாய், கடனுக்காக ஏற வேண்டிய வாசற்படிகளில் ஒன்றையேனும் குறைக்கிறது. எவரிடம் போய்க் கையேந்த வேண்டியதில்லை என்பதிலேயே அப்பணத்தின் பெறுமதி இருக்கிறது.

சோம்பல் என்னும் குற்றச்சாட்டு

உழைக்காமல் வரும் காசு மனிதனைச் சோம்பேறி ஆக்கும் என்கிறோம். அப்படியானால் என்னை எடுத்துக்கொள்ளுங்கள். எனக்கு மறைமாவட்டம் மாதந்தோறும் படி அளிக்கிறது. மழை பெய்தாலும் பெய்யாவிட்டாலும் அது வருகிறது. நான் நல்ல மறையுரை ஆற்றினாலும், ஆயத்தம் செய்யாமல் எதையோ பேசி முடித்தாலும் அது குறைவதில்லை. இத்தனை ஆண்டுகளில் ஒருவர்கூட, "சாமி, இந்தப் படி உங்களைச் சோம்பேறி ஆக்குகிறதா?" என்று கேட்டதில்லை. அரசுப் பணியிலிருந்து ஓய்வுபெற்ற நம் பங்கு மக்கள் ஓய்வூதியம் பெறுகிறார்கள், பெறுவது முறையே. நம் பள்ளிகளும் விடுதிகளும் மருந்தகங்களும் முகமறியாத அயல்நாட்டுக் கத்தோலிக்கர் அனுப்பிய பணத்தால் எழுந்தன. அவற்றுள் எதுவும் நம்மைச் சோம்பேறி ஆக்கவில்லையாம். நாளுக்கு 16 ரூபாய் 44 காசு மட்டும், விடியுமுன் எழுந்து காட்டுக்குப் போகிறவனைச் சோம்பேறி ஆக்கிவிடுமாம்! இந்த நியாயத்தை எந்தத் தராசில் வைத்து நிறுப்பது?

கழுகுமலையிலிருந்து வெகு தொலைவில் இல்லாத எட்டயபுரத்தில்தான் 1956-இல் காமராசர் பள்ளிப் பிள்ளைகளுக்கான மதிய உணவுத் திட்டத்தைத் தொடங்கி வைத்தார். அந்தச் சோற்றை உண்ட எந்தப் பிள்ளை சோம்பேறியாயிற்று? அதை உண்டவர்களின் பிள்ளைகளும் பேரப்பிள்ளைகளும் அல்லவா இன்று ஆசிரியர்களாகவும் செவிலியர்களாகவும் அலுவலர்களாகவும் நம் ஆலயங்களில் முன்வரிசையில் அமர்ந்திருக்கிறார்கள்?

கண்ணால் காணாததை நம்பாதவர்களுக்கு ஆய்வுகளும் உண்டு. மத்தியப் பிரதேசத்தில் 2011 முதல் 'சேவா' என்னும் உழைக்கும் பெண்களின் சங்கம், யுனிசெஃப் துணையோடு ஒரு சோதனை நடத்தியது. எட்டு ஊர்களில் ஒவ்வொருவருக்கும் எந்த நிபந்தனையும் இன்றி மாதந்தோறும் பணம் தரப்பட்டது. பெரியவர்களுக்கு 200 ரூபாய், பிள்ளைகளுக்கு 100 ரூபாய். பின்னர் அது 300, 150 என உயர்த்தப்பட்டது. பணம் பெறாத பன்னிரண்டு ஊர்களோடு ஒப்பிட்டார்கள். பணம் பெற்ற ஊர்களில் உணவு மேம்பட்டது. பள்ளி வருகை கூடியது. ஆடு மாடுகள் பெருகின. விதைக்கும் உரத்துக்கும் கூடுதலாகச் செலவிட்டார்கள். வேலை குறையவில்லை. பிறர் நிலத்தில் கூலிக்குப் போனவர்களில் பலர் தங்கள் சொந்தத் துண்டு நிலத்தில் கூடுதலாக உழைத்தார்கள்.

"இனி எவன் காட்டு வேலைக்கு வருவான்?" என்ற கேள்வியின் உட்பொருள் இப்போது விளங்குகிறதா? அவன் வேலை செய்யமாட்டான் என்பது நம் உண்மையான கவலை அன்று. நாம் சொல்லும் கூலிக்கு நம் காட்டுக்கு வரமாட்டான் என்பதே கவலை.

இங்கே மத்தேயு நற்செய்தியின் 20-ஆம் அதிகாரத்தை நினைவுகூராமல் இருக்க முடியாது. திராட்சைத் தோட்டத்தின் உரிமையாளர் ஐந்து மணிக்குச் சந்தைவெளிக்குப் போய், ஏன் நாள் முழுவதும் சும்மா நிற்கிறீர்கள் என்று கேட்கிறார். தங்களை வேலைக்கு அழைப்பார் எவரும் இல்லை என்பது அவர்கள் தரும் மறுமொழி. மழை வராததால் வேலையற்று நிற்கும் கரிசல் உழவன் சொல்லக்கூடியதும் அதுவே. மாலையில் அவர்களுக்கும் ஒரு தெனாரியம் கிடைக்கிறது. ஏனெனில் ஒரு தெனாரியம் இருந்தால்தான் அன்றிரவு வீட்டில் அடுப்பு எரியும். ஒரு மணி நேரமே வேலை கிடைத்தது என்பதற்காகப் பிள்ளைகளின் பசி பன்னிரண்டில் ஒரு பங்காகக் குறைந்துவிடாது. அந்த உவமையில் முணுமுணுப்பவர்கள் யார்? தங்களுக்குரிய கூலியைக் குறைவின்றிப் பெற்றுக்கொண்டவர்கள். அன்று ஆலய முற்றத்தில் தேநீர் அருந்தியவாறு முணுமுணுத்த நாமும் அவர்களே.

குடி என்னும் குற்றச்சாட்டு

குடியைப் பற்றிய கவலையை நான் எளிதில் தள்ளிவிட மாட்டேன். குடியால் அழிந்த வீடுகளை நான் அறிவேன். நள்ளிரவில் கதவைத் தட்டி அழைத்த பெண்களோடு அவ்வீடுகளுக்குப் போயிருக்கிறேன். கூலிப் பணத்தில் குடிக்கிறவன் உதவிப் பணத்திலும் குடிப்பான், அது உண்மை. ஆனால் அவனை முன்னிறுத்தி ஊரார் எல்லாருடைய வாயிலும் மண் அள்ளிப் போடலாமா? உலக வங்கியின் ஆய்வாளர் இருவர் பல நாடுகளில் நடந்த ஆய்வுகளைத் தொகுத்து 2014-இல் வெளியிட்ட அறிக்கையில், நேரடிப் பண உதவியால் மதுச் செலவும் புகையிலைச் செலவும் பொதுவாகக் கூடவில்லை என்றே கண்டார்கள். மேலும், தமிழ்நாட்டில் 2003 முதல் மதுவைச் சில்லறையாக விற்றுவருவது அரசின் நிறுவனம். ஒரு கையால் 2,000 ரூபாய் கொடுத்து, மறு கையால் ஊர்தோறும் கடை திறந்து வைத்தது யார்? கடையைப் பற்றிக் கோபப்படுங்கள். உங்களோடு நானும் வந்து மறியலில் அமர்கிறேன். கடைக்கான கோபத்தைக் காசு பெற்ற ஏழையின் மேல் கொட்டாதீர்கள்.

பண உதவியால் வீட்டில் பூசல் வருவதில்லையா என்றால், அதுவும் வருகிறது. கூட்டுப் பட்டாவில் யார் பெயருக்குப் பணம் வருவது என்று அண்ணன் தம்பிகள் பேச்சை நிறுத்திய வீடுகளை அறிவேன். தேர்தலை மனத்தில் கொண்டே இத்திட்டங்கள் அறிவிக்கப்படுகின்றன என்ற குற்றச்சாட்டிலும் உண்மை உண்டு. எனினும் கொடுப்பவரின் உள்நோக்கம் பெறுபவரின் உரிமையை அழித்துவிடாது. தொல்லை தாங்காமல் நீதி வழங்கிய நடுவரிடமிருந்தும் கைம்பெண் தனக்குரிய நீதியைப் பெற்றுக்கொண்டாள் என்று லூக்கா நற்செய்தியில் வாசிக்கிறோமே.

என் பாவம் ஒன்று

பிறர் கண்ணிலுள்ள துரும்பைச் சொல்லும் நான் என் கண்ணிலிருந்த மரக்கட்டையையும் சொல்லியாக வேண்டும்.

2016-இல் வடகிழக்குப் பருவமழை பொய்த்தது. வழக்கமான அளவில் 62 விழுக்காடு குறைவு. 2017 சனவரியில் தமிழ்நாடு முழுவதும் வறட்சிப் பகுதியாக அறிவிக்கப்பட்டது. அப்போது நான் வேறொரு கரிசல் பங்கில் இருந்தேன். நண்பர்களிடம் நிதி திரட்டி, குடும்பத்துக்குப் பத்து கிலோ அரிசி, பருப்பு, எண்ணெய், ஒரு சேலை என்று பொதி கட்டினோம். காசாகக் கொடுத்துவிடலாம் என்று சிலர் சொன்னார்கள். "காசு கொடுத்தால் வீணாக்கிவிடுவார்கள்" என்று மறுத்தவன் நானே. ஆலயத்தின் முன் பதாகை கட்டி, மக்களை வரிசையில் நிறுத்தி, ஒவ்வொருவருக்கும் பொதியைக் கொடுத்துப் படம் எடுத்துக்கொண்டோம்.

மறுநாளே ஒரு பெண் அரிசியையும் சேலையையும் பாதி விலைக்கு விற்றுவிட்டார் என்று கேள்விப்பட்டேன். எனக்குச் சினம் பொங்கியது. அடுத்த ஞாயிறு பெயர் சொல்லாமல், ஆனால் யாரென்று எல்லாருக்கும் விளங்கும்படி, பீடத்திலிருந்து கடிந்து பேசினேன். அவர் தலையைக் குனிந்துகொண்டு அமர்ந்திருந்தார்.

ஒரு மாதம் கழித்து வேதியர் உண்மையைச் சொன்னார். அவ்வீட்டில் நியாயவிலைக் கடை அரிசி இருந்தது. அரிசி அவர்களுக்குத் தேவையாக இருக்கவில்லை. அந்தப் பெண் தம் காதுத் தோட்டை விதைப்புச் செலவுக்காகப் புரட்டாசியில் அடகு வைத்திருந்தார். ஆண்டுதோறும் அப்படித்தான்: புரட்டாசியில் தோடு அடகுக் கடைக்குப் போகும், மாசியில் விளைச்சல் விற்றதும் காதுக்குத் திரும்பும். அந்த ஆண்டு விளைச்சல் இல்லை. தவணை முடிந்து நகை மூழ்கப் போகிறது என்று கடையிலிருந்து ஆள் வந்துவிட்டது. வட்டியையாவது கட்டி அதைக் காப்பாற்றவே அரிசியை விற்றிருக்கிறார். அந்தத் தோடு மூழ்கியிருந்தால் அடுத்த ஆண்டு அவர்களால் விதைத்திருக்கவே முடியாது. கரிசல் உழவனின் மூலதனம் அவன் மனைவியின் காதில் இருக்கிறது என்பதைக் குருமடத்தில் எந்த இறையியல் பேராசிரியரும் எனக்குச் சொல்லித்தரவில்லை.

அன்று நான் செய்தது அறச்செயல் என்றே நம்பியிருந்தேன். ஒரு குடும்பத்தின் தேவையை அக்குடும்பத் தலைவியைவிட நான் நன்கு அறிவேன் என்ற செருக்கே அதில் இருந்தது. அவர் கையில் ஆயிரம் ரூபாயைக் கொடுத்திருந்தால், பாதி விலைக்கு விற்ற நட்டமும் இல்லை. ஆலயத்தில் தலைகுனிந்த அவமானமும் இல்லை. பின்னர் அவர் வீட்டுக்குச் சென்று மன்னிப்புக் கேட்டேன். "பரவாயில்லை சாமி" என்றார். அது பரவாயில்லாத ஒன்றன்று என்பது எனக்குத் தெரியும்.

பட்டா இல்லாதவன் உழவன் இல்லையா?

இதுவரை சொன்னவற்றை வைத்து, நான் அரசின் திட்டங்களுக்குப் பரிந்து பேசுகிறேன் என்று எவரும் எண்ண வேண்டாம். பணம் கொடுப்பது தவறு என்பவரோடு எனக்கு உள்ள வழக்கைவிட, யாருக்குக் கொடுப்பது என்பதில் அரசோடு எனக்கு உள்ள வழக்குப் பெரிது.

பி.எம். கிசான் பணம் பட்டாவில் பெயர் உள்ளவருக்கே வகுக்கப்பட்டது. 2019 பிப்ரவரி 1 நிலவரப்படி நில ஆவணத்தில் யார் பெயர் இருந்ததோ அவரே தகுதியுடையவர். அதன் பிறகு வாரிசுரிமையாக நிலம் பெற்றவருக்கு மட்டும் விலக்கு. கரிசலின் நிலையோ வேறு. பாட்டனார் பெயரிலேயே பட்டா கிடக்கிறது. அவர் மண்ணுக்குள் போய் முப்பது ஆண்டுகள் ஆயின. கணவனை இழந்த பெண் தனியே உழுது விதைக்கிறாள். ஆவணத்தில் அவள் பெயர் இல்லை. ஊரைவிட்டுப் போய் நகரத்தில் குடியேறியவரின் நிலத்தை வாரத்துக்கும் குத்தகைக்கும் எடுத்துப் பாடுபடுகிறவனுக்குப் பணம் இல்லை. நகரத்தில் இருக்கும் பட்டாதாரர் தகுதியுடையவர் ஆகிறார். களையெடுக்கும், பருத்தி எடுக்கும், மிளகாய் பழம் பறிக்கும் நிலமற்ற பெண்களைப் பற்றிக் கேட்கவே வேண்டாம். அவர்களில் நம் தலித் கிறிஸ்தவச் சகோதரிகள் எத்தனை பேர் என்பது பங்குக் குடும்ப அட்டைகளைப் புரட்டும் எந்தக் குருவுக்கும் தெரியும்.

1961 மே 15 அன்று 'அன்னையும் ஆசிரியையும்' என்னும் சுற்றுமடலை வெளியிட்ட திருத்தந்தை 23-ஆம் யோவான், வட இத்தாலியில் சோத்தோ இல் மோந்தே என்னும் சிற்றூரில், பிறர் நிலத்தை வாரத்துக்கு உழுத குடும்பத்தில் பிறந்தவர். அவருடைய தந்தை இன்று கழுகுமலைக் காட்டில் வாரத்துக்கு உழுதுகொண்டிருந்தால், அவர் உழவர் என்ற கணக்கிலேயே வரமாட்டார். ஆறாயிரம் ரூபாயில் ஒரு காசும் அவருக்குக் கிடைக்காது.

நடைமுறையில் இயலாது என்று சொல்லித் தப்ப முடியாது. தெலங்கானா அரசு 2018 மே மாதத்தில் ஏக்கருக்கு, பருவத்துக்கு 4,000 ரூபாய் என்று தொடங்கிய திட்டம் நிலவுடைமையாளருக்கே சென்றது. அதிக நிலம் உள்ளவருக்கு அதிகப் பணம் என்றாயிற்று. ஆனால் ஒடிசா அரசு அதே 2018 டிசம்பரில் அறிவித்த 'காலியா' திட்டம் குத்தகை உழவரையும் நிலமற்ற வேளாண் குடும்பங்களையும் சேர்த்துக்கொண்டது. மனம் இருந்தால் வழி உண்டு என்பதற்கு அது சான்று.

விலைக்கு மாற்று ஆகாது

இன்னொன்றும் சொல்ல வேண்டும். கொடுக்கும் கை, கொடுக்க வேண்டிய விலையைப் பிடித்துக்கொள்ளக் கூடாது.

2024-25-ஆம் ஆண்டுக்கு உளுந்தின் குறைந்தபட்ச ஆதரவு விலை குவிண்டாலுக்கு 7,400 ரூபாய் என அறிவிக்கப்பட்டது. அறிவிப்பு காகிதத்தில் இருக்கும். களத்து மேட்டில் நிற்பவர் வியாபாரி. அவர் குவிண்டாலுக்கு 500 ரூபாய் குறைத்து எடுத்தால், நான்கு குவிண்டாலில் 2,000 ரூபாய் போய்விட்டது. ஒரு தவணைப் பணம் ஒரு மாலைப் பொழுதில் எடைத்தட்டில் கரைந்துவிடுகிறது. உழவர் இயக்கத் தலைவர் நாராயணசாமி நாயுடு 1984 டிசம்பரில் கோவில்பட்டியில்தான் உயிர்நீத்தார். அவர் பின்னே திரண்ட உழவர்கள் கேட்டது கட்டுப்படியாகும் விலையை. நாற்பது ஆண்டுகள் கழிந்தும் அக்கோரிக்கை அங்கேயே நிற்கிறது.

'அன்னையும் ஆசிரியையும்' சுற்றுமடல் உழவுத் தொழிலைப் பின்தங்கவிடப்பட்ட துறை என்று கண்டு, அதற்கு ஏற்ற வரிமுறை, குறைந்த வட்டியில் கடன், சமூகக் காப்பீடு, விலைப் பாதுகாப்பு ஆகிய அனைத்தையும் ஒருசேர வலியுறுத்தியது. ஒன்றைக் கொடுத்து மற்றவற்றை மறக்கடிக்க அது இடம் தரவில்லை. அண்மைக் காலத்தில் திருத்தந்தை பிரான்சிசு, பெருந்தொற்றின் நடுவே 2020 உயிர்ப்புப் பெருவிழாவன்று மக்கள் இயக்கங்களுக்கு எழுதிய மடலில், எந்த உரிமையும் பாதுகாப்பும் இன்றி உழைப்பவர்களுக்கு ஓர் அடிப்படை வருமானத்தை உறுதிசெய்வதைப் பற்றி எண்ணிப் பார்க்கும் காலம் வந்துவிட்டதென்று குறிப்பிட்டார். உழைப்பின் மாண்பை மறுத்து அவர் அப்படிச் சொல்லவில்லை. அதை மதித்தே சொன்னார்.

இவை எல்லாவற்றுக்கும் வேர் மிகப் பழையது. நான்காம் நூற்றாண்டில் மிலான் ஆயர் புனித அம்புரோசு, நாபோத்தின் திராட்சைத் தோட்டத்தைப் பற்றி விளக்கும்போது, ஏழைக்குக் கொடுப்பவன் தன் உடைமையிலிருந்து எடுத்துக் கொடுப்பதில்லை, ஏழைக்கு உரியதைத் திருப்பித் தருகிறான் என்ற கருத்தை அச்சமின்றிச் சொன்னார். திருத்தந்தை 6-ஆம் பவுல் 1967-இல் 'மக்களின் முன்னேற்றம்' என்னும் சுற்றுமடலில் அதை எடுத்தாண்டார். எல்லாருக்கும் பொதுவாகப் படைக்கப்பட்ட மண்ணின் பலனில் உழுகிறவனுக்கு ஒரு பாகம் உண்டு. அதைக் கொடுப்பது கடன் தீர்ப்பது, வாங்குவது இழிவன்று.

நாம் ஒரு பங்கு

நாம் வழிபடும் சமூகத்துக்குத் தமிழில் 'பங்கு' என்று பெயர். அச்சொல்லுக்குப் பாகம் என்றும் பொருள். பாகம் கிடைக்காதவன் ஒருவன் நம் நடுவே இருக்கும்வரை நாம் பெயரளவில் மட்டுமே பங்கு.

ஆகவே என் பங்குப் பேரவையின் முன்னும் இவ்விதழின் வாசகர் முன்னும் மூன்று வேண்டுகோள்களை வைக்கிறேன். முதலாவது, நம்மிடையே வருவாய்த்துறையை அறிந்தவர்கள், ஓய்வுபெற்ற அலுவலர்கள் பலர் இருக்கிறார்கள். அவர்கள் மாதத்தில் ஒரு ஞாயிறு திருப்பலிக்குப் பின் இரண்டு மணி நேரம் அமர்ந்து, வாரிசுச் சான்று, பெயர் மாற்றம், உட்பிரிவு, ஆதார் இணைப்பு ஆகியவற்றுக்கு ஏழை உழவருக்கும் கைம்பெண்களுக்கும் விண்ணப்பம் எழுதித் தரட்டும். இரண்டாவது, இனி நம் பங்கிலிருந்து வறட்சிக்கோ வெள்ளத்துக்கோ உதவி செய்தால், வரிசையும் பதாகையும் படமும் இன்றி, காசாக, குடும்பத் தலைவியின் கையில் கொடுப்போம், கணக்குக் கேட்கமாட்டோம். மூன்றாவது, குத்தகை உழவருக்கும் நிலமற்ற பெண் தொழிலாளருக்கும் பங்கு கேட்டும், பயறு வகைகளுக்கு அறிவித்த விலையில் கொள்முதல் கேட்டும் எழும் குரல்களோடு, அவை எந்தக் கொடியின் கீழிருந்து எழுந்தாலும், நம் குரலையும் சேர்ப்போம்.

அந்தப் பெரியவரைப் பற்றிச் சொல்லி முடிக்கிறேன். அன்று மாலையே அவர் வீட்டுக்குப் போனேன். திண்ணையில் அமர்ந்திருந்தார். "ஐயா, நான் காலையில் பேசாமல் நின்றுவிட்டேன்; மன்னிக்க வேண்டும்" என்றேன். அவர் சற்று நேரம் ஒன்றும் சொல்லவில்லை. பிறகு உள்ளே திரும்பி மனைவியைக் கூப்பிட்டார். அந்த அம்மையார் விதை முடிப்பைக் கொண்டுவந்து என் முன் வைத்தார்.

பெரியவர் சொன்னார்: "சாமி, இவ பேருக்கு வர்ற ஆயிரத்தை நாலு மாசமா தொடாம வச்சிருந்தா. நேத்து வந்த ரெண்டாயிரத்தையும் சேர்த்து வெதையும் ஒரமும் வாங்கிட்டோம். எனக்குக் கலியாணம் ஆகி நாப்பத்திரண்டு வருசம். பொரட்டாசி மாசத்துல இவ காதுல தோடு கெடந்து நான் பார்க்கறது இதுதான் மொதத் தடவை."

விதையை மந்திரித்துக் கொடுத்தேன். மறுநாள் அவர்கள் இருவரும் புழுதியில் விதைத்தார்கள்.